கெளுத்தி மீனும் ஏழு இலையும்

போர்டைப் பார்த்துத் திரும்பிப் போய்விடாதீர்கள் சார். 'இன்று விடுமுறை' என்று எழுதி மாட்டியது நான்தான். இருந்தாலும் மருமகள் உங்களை உட்காரச் சொல்லிவிட்டாள் அல்லவா, உட்காருங்கள். அந்த பெஞ்சு வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி ஆற்றைப் பார்த்த மாதிரி வாருங்கள். காவிரியில் தண்ணீர் கொஞ்சம் குறைவுதான், காற்றுக்குக் குறைச்சல் இல்லை. உங்கள் வீட்டம்மா கை கழுவ உள்ளே போனார்கள். மற்றவர்கள் படித்துறையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். சோறு வடிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை உங்களோடு பேசிக்கொண்டிருக்கச் சொல்லி மருமகள் என்னை அனுப்பினாள். "மாமா, அவரு எந்திரிச்சுப் போயிடாம பாத்துக்குங்க" என்றாள். வந்தவர்கள் மேல் அவ்வளவு அக்கறை.

என் பெயர் தருமலிங்கம். திருச்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர். பஸ் ஸ்டாண்டில் பெட்டி மாதிரி ஒரு அறை, ஒரு கடிகாரம், ஒரு விசில். எட்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குப் புறப்பட வேண்டிய வண்டி எட்டு பதிமூன்றுக்கும் நின்றுகொண்டிருந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். வீட்டிலும் நான் அப்படித்தான். என்னைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்ததில்லை. என் மனைவி அகிலாண்டம் இருந்தவரை, "நீங்க சொன்னாச் சரிங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவ்வளவு அடக்கம்.

இந்தக் கடைக்கு நான் முதன்முதலாக வந்ததே ஒரு தற்செயல் சார். அதைச் சொல்கிறேன், உங்களுக்கும் பொழுது போகும்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது. என் பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பெண் பார்க்கப் போகிற விஷயத்தில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சம்பந்தம் முடிவாகும் முன்னால் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. காப்பி குடிக்கலாம், காராபூந்தி கொறிக்கலாம், அதெல்லாம் சேர்த்தி இல்லை. இலை போட்டு, சோறு பிசைந்து, சாப்பிட்டு எழுந்துவிட்டால் முடிந்தது. அப்புறம் 'பெண் மாநிறம்', 'ஜாதகத்தில் ஏழாமிடம் சரியில்லை' என்று எதுவும் பேச முடியாது. சாப்பிட்ட வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறவன் மனுஷனே இல்லை. இது உங்கள் பக்கத்திலும் உண்டுதானே? உண்டு என்றுதான் நினைத்தேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அண்ணன் பெண் பார்க்கப் போன வீட்டில் பசி தாங்காமல் ஒரே ஒரு கரண்டி உப்புமா சாப்பிட்டார். அவ்வளவுதான். அந்த உப்புமாதான் இன்றைக்கு என் அண்ணி. நல்ல மனுஷிதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அண்ணன் அதற்கப்புறம் எந்த வீட்டிலும் உப்புமாவைத் தொட்டதில்லை.

பையனுக்கு இந்த ஊர்ப் பெண்ணின் ஜாதகம் வந்தது. தரகர் யாரும் கொண்டுவரவில்லை. தபாலில் தானாக வந்தது. எங்கள் விலாசம் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல குடும்பம் என்றால் பேர் நாலு இடத்துக்குப் போகத்தானே செய்யும்? பொருத்தம் ஒன்பது இருந்தது. பெண்ணின் தகப்பனார் சோலைமுத்து, வாழை விவசாயம் என்று போட்டிருந்தது. அகிலாண்டம் வழக்கம்போல, "நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள்.

நான் சரி என்று சொல்வதாக இல்லை. காரணம் கேளுங்கள். இந்த ஊருக்கு அன்றைக்கு ஒரு நாளைக்கு மூன்று பஸ். காலை ஆறே கால், மதியம் ஒன்று பத்து, ராத்திரி ஏழு நாற்பது. அதிலும் மதிய வண்டி வந்தால் வரும். மூன்று பஸ் ஓடுகிற ஊரில் சம்பந்தம் வைத்தால், ஒரு ஆத்திர அவசரத்துக்கு மனுஷன் எப்படிப் போய் வருவது? துறையூர் ரோட்டில் எனக்கு இன்னொரு இடம் தெரிந்திருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. பெண்ணை நான் பார்க்கவில்லை, ஆனால் பஸ் வசதி அபாரம்.

அதனால் என் திட்டம் இது. மரியாதைக்குப் போவது, பெண்ணைப் பார்ப்பது, கையை நனைக்காமல் காப்பியோடு எழுந்து, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பெண் வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். இதை நான் அகிலாண்டத்திடம் முதல் நாள் ராத்திரி சொன்னேன். "சாப்பிடாத வரைக்கும் வேண்டாம்னு சொல்ற உரிமை நம்மகிட்ட இருக்கு" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "சாப்பிட்டாத்தான் போயிரும், இல்லீங்களா?" என்றாள். "ஆமா" என்றேன். விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள் என்று எனக்குச் சந்தோஷம்.

பையன் முகம்தான் ஒரு மாதிரி இருந்தது. அவன் அதற்கு முந்தின வருஷம் எட்டு மாசம் இந்தக் கரையிலேயேதான் வேலை பார்த்தான், ஒரு காண்டிராக்டரிடம் சூப்பர்வைசர். கரைக்குக் கல் பதிக்கிற வேலை. மெலிந்து போனவன் நன்றாகச் சதை போட்டுத் திரும்பி வந்தான். ஆற்றுக் காற்று உடம்புக்கு அவ்வளவு நல்லது சார்.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம், ஒன்றரைக்குத்தான் முடியும். அதனால் பதினொன்றரைக்குள் பெண் வீட்டு வாசலில் கால் வைக்க வேண்டும். உறையூரிலிருந்து எட்டு மணிக்குப் புறப்பாடு. ஒன்பதரைக்கு முசிறியில் ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த இட்லியைச் சாப்பிடுவது. எல்லாவற்றையும் சீட்டில் எழுதி டிரைவர் முன்னால் ஒட்டிவிட்டேன். ஏழு பேர் போனோம். நல்லது கெட்டதுக்கு ஒற்றைப்படையில்தானே போவது? நான், அகிலாண்டம், பையன், என் பெண் குழலி, என் அண்ணன், என் மச்சினன் நல்லதம்பி, அவன் பெண்டாட்டி.

வேன் எட்டு மணிக்கு வரவில்லை. எட்டே முக்காலுக்கு வந்தது. டிரைவர் நல்லதம்பிக்குத் தெரிந்தவன். "யாரோ ஒம்பது மணின்னு சொன்னாங்கண்ணே" என்றான். யார் சொன்னது என்று கேட்டால் தலையைச் சொறிகிறான். சரி என்று ஏறிப் போனோம். முசிறியில் மரத்தடியில் நிறுத்தி, "இட்லி மூட்டையை எடு" என்றேன்.

அகிலாண்டம் பையில் கையை விட்டாள். துழாவினாள். என்னைப் பார்த்தாள். "அடுப்பு மேடையிலேயே வச்சுட்டு வந்துட்டேங்க" என்றாள்.

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் சோற்று மூட்டையை மறந்தது அந்த ஒரு நாள்தான் சார். திருப்பதி போனோம், மறக்கவில்லை. என் அப்பா செத்த செய்தி வந்து அழுதுகொண்டே வேளாங்கண்ணி வண்டியிலிருந்து இறங்கினோம், அப்போதும் புளிச்சோறு அவள் இடுப்பில் இருந்தது. அன்றைக்கு மறந்தாள். வயசாகிறது என்று நினைத்தேன். திட்டக்கூட மனசு வரவில்லை.

முசிறியில் கிளப்புக் கடையில் சாப்பிடலாம் என்றேன். "கல்யாணக் கூட்டம் மாப்ள, உக்கார எடம் கெடையாது" என்று நல்லதம்பி வேனிலிருந்து இறங்காமலே சொன்னான். அவனுக்கு அப்படித் தூரத்திலிருந்தே எதையும் கணிக்கிற திறமை உண்டு. டிரைவர் வேறு, மெயின் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறதாம் என்று கரை ரோட்டில் வண்டியைத் திருப்பிவிட்டான். முதல் நாள் காற்றும் இல்லை, மழையும் இல்லை. மரத்துக்கும் வயசாகும் அல்லவா?

கரை ரோடு நீங்கள் வந்தீர்களே, அதே குண்டும் குழியும்தான். நான் எத்தனை மனுப் போட்டும் அதை மட்டும் அதிகாரிகள் கேட்கவில்லை. வேன் குலுங்கக் குலுங்க வயிற்றில் இருந்த ஒரு டம்ளர் காப்பியும் தொண்டைக்கு வந்துவிட்டது. அண்ணனுக்குச் சர்க்கரை வேறு. கண் இருட்டுகிறது என்று ஆரம்பித்துவிட்டார். மணி பத்தே முக்கால். அப்போது பார்த்து இந்தக் கடை வந்தது.

அன்றைக்கு இந்த ஓட்டுக்கூரை இல்லை. கீற்றுக் கொட்டகை, நாலு மூங்கில் தூண், வாசலில் சாணி தெளித்த தரை. கொட்டகையின் பின்பக்கம் நேரே ஆறு. மீன் குழம்பு வாசனை கரை மேலேயே வந்து எங்களைப் பிடித்தது. ஆனால் கொட்டகை மூங்கிலில் ஒரு சிலேட்டு தொங்கியது. நானே சத்தமாகப் படித்தேன். 'இன்று கடை லீவு. வீட்டில் விசேஷம்.'

"போச்சு" என்றார் அண்ணன்.

அகிலாண்டம் மெல்ல, "என்னங்க, நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். நீங்க கேட்டா யாரு மாட்டேம்பாங்க?" என்றாள்.

அது உண்மைதான் சார். முப்பத்தோரு வருஷம் விசில் ஊதிய குரல். இறங்கிப் போய், "யாரம்மா அங்கே?" என்றேன். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பெயர் தைலம்மாள், அது அப்புறம் தெரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எடுத்த எடுப்பில் "வாங்கண்ணே" என்றாள்.

"சாப்பாடு வேணும்மா. ஏழு பேரு."

"இன்னைக்கு யாவாரம் இல்லீங்களே அண்ணே. வூட்டுக்குன்னு செஞ்சது. அத விக்கிற வழக்கம் எங்களுக்கு இல்ல."

"காசைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"காசு வாங்க மாட்டேங்க. வேற எங்கயாச்சும் பாருங்க."

இவ்வளவு சொன்ன பிறகு விடலாமா? எனக்கு வந்தது பாருங்கள் ஒரு வேகம். ஒரு டைம் கீப்பரை ஒரு கொட்டகைக்காரி திருப்பி அனுப்புவதா? கால் மணி நேரம் பேசினேன். பசி என்ன, சர்க்கரை வியாதி என்ன, ஆற்றங்கரைக்காரர்களின் தயாள குணம் என்ன, எல்லாம் பேசினேன். கடைசியில் அவள், "இவ்வளவு கேக்கறீங்க. கூடப்பொறந்தவரு மாதிரி இருக்கீங்க. வாங்க, ஒக்காருங்க" என்று வழிவிட்டாள். நான் திரும்பி வேனைப் பார்த்துக் கையை ஆட்டினேன். எல்லோரும் மடமடவென்று இறங்கினார்கள். அகிலாண்டம் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

உள்ளே போனால் இலை ஏற்கெனவே போட்டிருந்தது. தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைத்து, வரிசையாக ஏழு இலை. ஏழு! நாங்களும் ஏழு பேர். "பாத்தியாடா அதிர்ஷ்டத்த" என்று நல்லதம்பியிடம் சொன்னேன். அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

ஒரு நிமிஷம் சார். உங்களுக்கும் இலை போட்டாயிற்று. கூப்பிடுங்கள் எல்லோரையும். பரவாயில்லை, நான் இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். குழம்பை ஊற்றிக்கொள்ளுங்கள். இதே கெளுத்திதான். இதே மாங்காய்தான்.

அன்றைக்கு அண்ணன் ஒரு சந்தேகம் கிளப்பினார். "தருமா, நல்ல காரியத்துக்குப் போறோம். கவிச்சி சாப்பிடலாமா?" நான் அவர் காதில் சொன்னேன். "அண்ணே, வேண்டாம்னு சொல்லப் போற காரியம் எப்படி நல்ல காரியம் ஆகும்? தாராளமா சாப்பிடலாம்." சட்டம் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் அல்லவா? வீட்டில் விசேஷம் என்று எழுதிப் போட்டவர்கள் மீன் குழம்பு வைப்பார்களா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பசி சார்.

அந்தக் குழம்பை எப்படிச் சொல்வது? எனக்குத் தேங்காய் அரைத்து ஊற்றினால் ஆகாது, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அதில் தேங்காயே இல்லை. கெளுத்தி மீனில் கிளிமூக்கு மாங்காயை நறுக்கிப் போட்டு, மேலே நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. நான் கேட்காமலே தைலம்மாள் சீரகம் போட்ட சுடுதண்ணீரை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு மட்டும். மற்ற ஆறு பேருக்கும் பானைத் தண்ணீர். முகத்தைப் பார்த்தே ஒருத்தருக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு சார். அனுபவம்.

முதல் தரம் சோறு. இரண்டாம் தரம். மூன்றாம் தரம் நானே, "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று வாய்விட்டுக் கேட்டேன். அதைச் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. பையன் மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டான். உள்ளேயிருந்து ஒரு வளையல் கை மீன் தட்டைக் கதவோரம் நீட்டும்போதெல்லாம் அவனுக்குக் காது சிவந்தது. காரம் போலிருக்கிறது. அகிலாண்டம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, மோர் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனவள் கால் மணி நேரம் வரவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்களுக்குப் பார்த்ததும் பழக்கம் வந்துவிடும்.

கையை ஆற்றில் கழுவிவிட்டு வந்து, பணத்தை எடுத்தேன். தைலம்மாள் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். "வேண்டாங்கண்ணே. ஒங்க வயிறு நெறஞ்சிச்சில்ல, அது போதும்." இந்தக் காலத்தில் இப்படியும் மனுஷர்களா என்று நான் கண் கலங்கி, "நல்லா இருங்கம்மா, ஒங்க வூட்டு விசேஷம் நல்லபடியா முடியட்டும்" என்று வாழ்த்திவிட்டு வந்தேன். வாழ்த்தியதும் நானேதான் சார். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

பெண் வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம். மேலத்தெருவில் இரண்டாவது வீடு. பதினொன்று இருபத்தெட்டுக்குக் கால் வைத்தோம். இரண்டு நிமிஷம் மிச்சம். சோலைமுத்து வாசலுக்கு வந்து கும்பிட்டார். பெண்ணின் பெரியப்பா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர்கள் என்று ஜமக்காளம் நிறைய ஆட்கள். எனக்குக் கை வைத்த நாற்காலி. உட்கார்ந்ததும் சோலைமுத்து, "ஐயா, வந்தவங்க வெறும் வயித்தோட இருக்கக் கூடாது. ரெண்டு வாய்..." என்று ஆரம்பித்தார்.

நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மன்னிக்கணும். பேச்சு முடிவாகாம பொண்ணு வீட்டுல கை நனைக்கிறது எங்க குடும்பத்துல கிடையாது. இது எங்க பாட்டன் காலத்து வழக்கம். கை நனைச்சா அப்புறம் பேச்சுக்கே எடமில்ல, முடிஞ்சதுன்னு அர்த்தம். அதனாலதான் இவ்வளவு கண்டிப்பு" என்றேன். நன்றாகப் பேசினேன் சார். ஊர்ப் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர், "அதான் மொற" என்றே சொன்னார்.

அப்போது உள்ளேயிருந்து பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, காப்பித் தட்டோடு பெண்ணின் அம்மா வந்தாள். எனக்கு நேரே வந்து நின்றாள்.

"அண்ணே, கெளுத்தி ஒத்துக்கிச்சா? மூணாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, எனக்கு மனசு நெறஞ்சு போச்சு."

தைலம்மாள்.

நான் முப்பத்தோரு வருஷத்தில் பிரேக் பிடிக்காத இரண்டு வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் மனசு போன போக்கு அதைவிட மோசம். ஜமக்காளத்தில் ஒருத்தர் சிரிக்காமல் இருக்க மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"அது கடை!" என்றேன்.

"கடைக்கு இன்னைக்கு லீவுதானுங்களே" என்றாள் தைலம்மாள். "நீங்கதான சிலேட்ட சத்தம் போட்டுப் படிச்சீங்க? வூட்டுக்குச் செஞ்சதுன்னு சொன்னேன். வேற எடம் பாருங்கன்னும் சொன்னேன். நீங்கதான் விடல."

"காசு கொடுக்க வந்தேனே!"

"நான் வாங்கலீங்களே."

"நான் கை நனைச்சது ஆத்துலதான். ஆறு யாருக்கும் சொந்தமில்ல" என்றேன். அது கொஞ்சம் பலவீனமான வாதம்தான். எனக்கே தெரிந்தது.

என் பக்கம் யாராவது பேசுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நல்லதம்பி கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தான். குழலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். என் அண்ணன் எழுந்து நின்றார். எனக்கு ஒரு தைரியம் வந்தது. அவர், "தருமா, நான் ஒரே ஒரு கரண்டி உப்புமாவுக்குக் கட்டிக்கிட்டேன். நீ மூணு தரம் சோறு வாங்கியிருக்க. வேண்டாம்னு சொல்ல உனக்கு ஏதுடா வாயி?" என்றார். உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் மனசில் வைத்திருந்திருக்கிறார் பாருங்கள்.

அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பஸ் விஷயத்தை எடுத்தேன். "மூணே மூணு வண்டி. அதுல ஒண்ணு வந்தா வரும்" என்றேன். சோலைமுத்து பாவம், "பஸ்ஸுக்கு நான் என்னங்க பண்றது?" என்றார். பையன் கதவோரம் நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே காப்பி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த, நாங்கள் பார்க்க வந்த பெண்ணையும் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசில் பரீட்சை ரிசல்ட்டுக்கு நின்றானே, அதே நிற்பு. அதைப் பார்த்ததும் எனக்கு வாயில் வார்த்தை கொஞ்சம் தடுமாறியது. அது மட்டும் உண்மை.

அந்த நேரம் பார்த்து அகிலாண்டம், "என்னங்க, மணி என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐம்பத்தேழு.

பன்னிரண்டுக்கு எமகண்டம் சார்! அதற்குள் சொன்னால் உண்டு. இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம் இத்தனை பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு வண்டி மூன்று நிமிஷத்தில் புறப்பட வேண்டும் என்றால் நான் என்ன செய்வேன்? காரணம் கேட்டுக்கொண்டு நிற்பேனா? விசில் ஊதுவேன். என் உடம்பு அப்படிப் பழகிவிட்டது. "சரி, சரி, தட்ட மாத்துங்க! சீக்கிரம்!" என்று எழுந்துவிட்டேன்.

தட்டுக்கு எங்கே போவது என்று நினைத்தேன். அகிலாண்டம் பையைத் திறந்தாள். தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ, பெண்ணுக்குப் புடவை, எல்லாம் இருந்தது. இட்லி மூட்டையை மறந்தவள் இதை மட்டும் எப்படி எடுத்து வைத்தாள் என்று கேட்டேன். "ஒரு கைக்காவலுக்குத்தாங்க" என்றாள். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குத் தட்டு மாறிவிட்டது. நிச்சயம் முடிந்தது. முடிவு செய்தது நான்தான். இன்றைக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. இந்த ஊருக்குப் பஸ் கேட்டு நாற்பத்தோரு மனு எழுதினேன். இன்றைக்குப் பதினோரு வண்டி வருகிறது. மருமகளுக்கு அம்மா வீடு போக இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் எழுதினேன். எழுதி முடித்து வண்டி வரும் நேரத்தில் பையனும் மருமகளும் இங்கேயே வந்து கடையை எடுத்து நடத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

அகிலாண்டம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம்தான் நானும் இங்கே வந்து சேர்ந்தேன். போன வருஷம் மருமகள் தைலம்மாளின் பழைய புளிப்பானையை ஒழித்தபோது அடியில் ஒரு தபால் கார்டு இருந்தது. இதோ, சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன், கறை படாது, பாருங்கள். அகிலாண்டத்தின் கையெழுத்து. படிக்கிறேன். 'ஞாயிறு பத்தே முக்காலுக்கு வருவோம். ஏழு பேர். அவருக்குத் தேங்காய் ஆகாது, மாங்காய் போடவும். சுடுதண்ணீர் அவசியம். முதலில் இல்லை என்று சொல்லவும். இல்லை என்றால்தான் அவருக்கு வேண்டும்.'

இதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது சார். முன்பின் தெரியாத கடைக்குக்கூட என் வயிற்றுக்காக முன்கூட்டிக் கார்டு எழுதியிருக்கிறாள்! இட்லி மூட்டை மறந்து போகும் என்று அவளுக்கு எப்படியோ தோன்றியிருக்கிறது. அந்தக் கடைசி வரி மட்டும் எனக்குப் புரியவில்லை. யாரைச் சொல்கிறாள்? தேதியும் இடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போவதென்று நான் முடிவு செய்ததே வெள்ளிக்கிழமைதான். கார்டில் செவ்வாய் என்று போட்டிருக்கிறாள். தேதி விஷயத்தில் அவள் எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னேதான்.

என்ன சார், வெறும் இலையாக இருக்கிறதே. அம்மா, இங்கே சோறு கொண்டு வா! வேண்டாம் என்று கையை மறிக்காதீர்கள். மூன்றாம் தரம்தான் ருசியே. உங்களுக்குப் பூண்டு ஆகாதாமே? குழம்பில் போடவில்லை, பயப்படாதீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மருமகள் சொன்னாள். அவள் அம்மாவைப் போலவே, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். உள்ளே உங்கள் வீட்டம்மாவும் அவளும் சிரிப்பது கேட்கிறதா? பார்த்ததும் பழக்கம் வந்துவிட்டது. அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறவன் உங்கள் பையன்தானே? என்ன தலையே நிமிர மாட்டேன் என்கிறான்? காது வேறு சிவந்திருக்கிறது. காரம் கொஞ்சம் கூடிவிட்டதோ?

கடைக்கு ஏன் விடுமுறை என்று கேட்டீர்கள். இன்றைக்கு என் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். நாமக்கல் பக்கத்துக்காரர்கள். மேலத்தெரு வீட்டுக்குப் பதினொன்றரைக்கு வருவதாகப் பேச்சு. மணி இப்போது பன்னிரண்டு ஆகப் போகிறது, ஆளைக் காணோம். மாப்பிள்ளையின் அப்பா மகா கண்டிப்பாம், பேசி முடிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டாராம். கண்டிப்பு இருந்து என்ன பிரயோஜனம், நேரம் தெரிய வேண்டாமா? வந்தால் நான் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவதாக இருக்கிறேன்.

இலையை எண்ணினீர்களா? ஒன்பது. நீங்களும் ஒன்பது பேர். இந்தக் கொட்டகைக்கு அப்படி ஒரு ராசி சார்.

பேத்தி பெயரா? பாட்டி பெயர்தான். அகிலாண்டம் என்று வைத்தோம், கூப்பிடுவது அகிலா. மருமகள் பக்கத்தில் நின்று அப்பளம் வைக்கிறாளே, அவள்தான்.

அடடா, புரையேறிவிட்டதே! அம்மா, சுடுதண்ணீர் கொண்டு வா. மெல்லக் குடியுங்கள். ஊரில் யாரோ உங்களை நினைக்கிறார்கள். இலையை மூடாதீர்கள் சார், பாயசம் வருகிறது. என்னம்மா, உள்ளேயிருந்து என்னையா கேட்கிறீர்கள்? சார், உங்கள் வீட்டம்மா மணி என்ன என்று கேட்கிறார்கள்.

பதினொன்று ஐம்பத்தேழு, அம்மா!